எதிரணியில் நின்ற மூன்று பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் விவாதக் கூட்டங்களை நடத்திவந்த ஆசிரியை அந்த வருடம் கலியாணம் முடித்து வேலையை விட்டுப் போனார். கலியாணம் முடித்த பெண்கள் அங்கே படிப்பிப்பதில்லை. அவர் போன மறு வாரமே எங்கள் தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரப் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். கண்டியில் ஒரு தமிழ்ச் சங்கம் பள்ளிக்கூடங்களுக்கிடையே விவாதப் போட்டி வைக்கப்போகிறது, முதல் தடவையாக ஒரு பெண்கள் பள்ளியையும் கேட்டிருக்கிறார்கள், மூன்று பிள்ளைகளை ஆயத்தம் செய்ய வேண்டும் என்றார். ஆறு வாரம் இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது வருடம். பகலில் ஐந்து வகுப்புகள், மாலையில் விடுதிப் பொறுப்பு. விடியற்காலையில் மணி அடிப்பதும், காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுப்பிப்பதும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரிசையாக வாவிக்கரையில் நடத்திக் கொண்டுபோவதும் என் வேலை. கண்டி மழைக்கு எனக்கு ஒரு இருமல் பிடித்திருந்தது. அது மாதக் கணக்கில் விடாமல் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லி, காரணம் விளக்கி, அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்பதைவிடச் சரி என்பது சுலபமாகத் தோன்றியது. சரி என்றேன்.

மூன்று பேரைத் தெரிவு செய்தேன். மூவரும் அதுவரை எந்த மேடையிலும் ஏறாதவர்கள்.

ஒருத்தி தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்தவரின் மகள். எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுவாள். அடுத்தவள் அலவத்துகொடவிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளை. அவளுடைய தகப்பனுக்கு நகரத்தில் மிளகு, பாக்கு வியாபாரம். அவள் பேசத் தொடங்கினால் மூச்சு விடும் இடம் தெரியாது. மூன்றாமவள் கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவரின் மகள். அவர்கள் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது. வகுப்பில் அவள் எழுதும் கட்டுரைகள்தான் மிகச் சிறந்தவை. ஆனால் அவள் வாசித்தால் முதல் வரிசை வாங்கில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. நான் அவளைச் சேர்த்தது கட்டுரைக்காகத்தான்.

பள்ளி விட்ட பிறகு சமையற்கட்டுக்கு அடுத்திருந்த தையல் அறையில் பயிற்சி நடந்தது. முதல் நாள் நான் கொடுத்த தலைப்பு, மழைக்காலம் நல்லதா வெயில்காலம் நல்லதா என்பது. தபால் கந்தோர்ப் பிள்ளை எழுந்து நின்று, கையை உயர்த்தி, அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, ஆன்றோரே, சான்றோரே என்று தொடங்கினாள். தலைப்புக்கு வரவே ஒன்றரை நிமிடமானது. ஒருவருக்குக் கொடுக்கப்படுவது ஐந்தே நிமிடம்.

"பிள்ளை, அவையை ஒருக்காக் கும்பிட்டால் போதும். பிறகு விஷயத்துக்கு வா."

"ஓம் டீச்சர்," என்றாள். அடுத்த நாள் அதே ஆன்றோரும் சான்றோரும் வந்தார்கள். மனப்பாடம் செய்ததை அழிக்க அவளுக்குத் தெரியவில்லை.

அலவத்துகொடப் பிள்ளைக்கு எதிரில் நிற்பவளுடைய கருத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பது பழக்கம். "இவ வெயில் நல்லதுன்னு சொல்றா டீச்சர், ஆனா நேத்து குடையில்லாம வரமாட்டேன்னு அழுதா," என்பாள். மற்ற இருவரும் சிரித்துவிடுவார்கள்; நானும் சில நாட்களில் சிரித்தேன். எதிரி பேசும்போது கேட்க வேண்டும், மூன்று சொல்லில் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்குவதற்கு இரண்டு வாரம் பிடித்தது.

கெலிஓயாப் பிள்ளையைத் தையல் அறையின் ஒரு மூலையிலும் என் கதிரையை மறு மூலையிலும் வைத்துப் பேசச் சொன்னேன். சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு மேலாக அவள் குரல் எனக்குக் கேட்க வேண்டும். முதல் சில நாட்கள் உதடு அசைவது மட்டுமே தெரிந்தது. சத்தம் போடு என்று நான் சொல்லச் சொல்ல அவள் இன்னும் தாழ்ந்துபோனாள். பிறகு ஒரு நாள் நான் களைப்பில் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். குரல் உயரவே இல்லை. ஆனாலும் எல்லாம் கேட்டது. அவளுக்குச் சத்தம் தேவையில்லை, நேரம்தான் தேவை என்று அன்றைக்கு விளங்கியது.

அலவத்துகொடப் பிள்ளையின் தகப்பன் தினமும் ஐந்து மணிக்குத் துருக்கித் தொப்பியுடன் வந்து விறாந்தையில் இருப்பார். மகளைக் கூட்டிப் போகத்தான் வருவது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருந்து எல்லாவற்றையும் கேட்பார்.

"டீச்சர், நம்மட புள்ள கொஞ்சம் வேகமாப் பேசுறா போல ஈக்குது," என்பார் போகும்போது.

"வாப்பா, நீங்க ஒண்ணும் பேச வாணாம்," என்று மகள் வெட்கப்படுவாள்.

"நான் படிக்கல்ல டீச்சர். இவ பேசுறதக் கேக்கத்தான் கடைய முந்தியே பூட்டிட்டு வாறேன்," என்றார் ஒரு நாள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் சுற்றுத் தலைப்பையும் பக்கத்தையும் சீட்டுக் குலுக்கித் தந்தார்கள். நகரத்தில் சங்கம் வைத்திருந்த மண்டபத்துக்கு நான் போனேன். தலைப்பு: பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு வேண்டும். எங்களுடன் மோதப்போவது ஒரு ஆண்கள் பள்ளி. தட்டில் கிடந்த இரண்டு சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எதிரணி என்று எழுதியிருந்தது. அதாவது, வேண்டும் என்று பையன்கள் பேசுவார்கள். வேண்டாம் என்று எங்கள் பிள்ளைகள் பேச வேண்டும்.

சங்கத்துச் செயலாளர் சிரித்துவிட்டார். "மாத்தித் தரட்டுமா, டீச்சர்?"

மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பள்ளியின் ஆசிரியர் பக்கத்தில் நின்றார். பெண்கள் வந்ததும் விதி வளைகிறது என்று அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "சீட்டில வந்தது வந்ததுதான்," என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்து வந்தேன்.

பிள்ளைகளிடம் சொன்னபோது மூன்று விதமாக எடுத்துக்கொண்டார்கள். தபால் கந்தோர்ப் பிள்ளை உடனே கொப்பியைத் திறந்து, சொல்லுங்கோ டீச்சர், எழுதுறன் என்றாள். அலவத்துகொடப் பிள்ளை கைதட்டினாள். பையன்களை மடக்க அவளுக்கு எந்தப் பக்கமானாலும் சரி. கெலிஓயாப் பிள்ளை தாளில் தலைப்பை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

அவளைக் கடைசிப் பேச்சாளராகப் போட்டிருந்தேன். மற்ற இருவருடைய பேச்சும் மூன்று நாளில் ஒருவாறு உருவாகிவிட்டது. இவளுடைய தாளில் தலைப்பு மட்டும் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வரல டீச்சர். எதுக்குப் படிக்கக் கூடாதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒரு காரணமும் வரல."

மற்ற இருவரும் போய்விட்டார்கள். எனக்கு மேசை நிறையத் திருத்தாத கொப்பிகள் இருந்தன. விடுதியில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. நெஞ்சு வலிக்க இருமிக்கொண்டிருந்தேன். அவளை இன்னும் ஒரு நாள் யோசிக்க விட்டிருந்தால் அவளாகவே எதையாவது கண்டுபிடித்திருப்பாள். நான் விடவில்லை. எழுது என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். படித்த பெண் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறாள். அவள் உள்ளே வந்ததும் குசினியில் சமைத்தபடி பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். அவளுக்கு நல்ல கதிரையைக் கொடுத்து முன் அறையில் இருத்துகிறார்கள். முன் அறையில் ஆண்கள் பேசுகிறார்கள்; அங்கேயும் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. தங்கைகள் கலியாணம் முடித்துப் போகிறார்கள். அவளுக்கு வந்த சம்பந்தங்கள், இவ்வளவு படித்தவள் எங்கள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று திரும்பிப் போகின்றன. படிப்பு அவளை ஒரு வீட்டிலிருந்து வெளியே எடுத்தது. வேறொரு வீட்டில் கொண்டுபோய் விடவில்லை.

எழுதி முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "இது யாரு டீச்சர்?"

"ஒருத்தரும் இல்லை. நாளைக்குப் பாடமாக்கிக்கொண்டு வா."

அவள் என்னைப் பார்த்தபடியே தாளை மடித்தாள்.

போட்டி ஒரு சனிக்கிழமை முற்பகல். மண்டபம் நிறைந்திருந்தது. பெண்பிள்ளைகள் மேடையில் பேசுவதைப் பார்க்கவென்றே பலர் வந்திருந்தார்கள். நடுவர்களாக ஒரு வழக்கறிஞர், ஒரு பண்டிதர், ஓய்வுபெற்ற ஒரு பாடசாலைப் பரிசோதகர். நான்கு நிமிடத்தில் ஒரு தடவை மணி அடிப்பார்கள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும்.

எங்களில் முதலில் போன தபால் கந்தோர்ப் பிள்ளை ஆன்றோரையும் சான்றோரையும் விட்டுவிட்டாள். அதற்காக நான் மகிழ்ந்து முடிவதற்குள் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோனாள். அடுத்த சொல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் கண் என்னைத் தேடியது. எனக்கு அந்தச் சொல் தெரியும். ஆனால் வாயசைக்கக்கூடாது என்பது விதி. கடைசியில் அவள், "அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வந்து இருந்துவிட்டாள். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

பையன்கள் நன்றாகப் பேசினார்கள். பெண்கல்வியால் நாடு உயரும், வீடு விளங்கும் என்று நல்ல நல்ல வாக்கியங்கள். அலவத்துகொடப் பிள்ளை எழுந்து, குறித்து வைத்த தாளைப் பார்த்தாள்.

"எங்களுக்குப் படிப்பு வேணும்னு மூணு சகோதரர்கள் பேசுறாங்க. ரொம்பச் சந்தோஷம். அவங்கட வீட்ல எத்தனை தங்கச்சிமார் பள்ளிக்கூடம் போறாங்கன்னு நடுவர் கேட்டுச் சொல்லட்டும். யாரும் போகல்லன்னா, அவங்களே நம்பாத ஒண்ண நாங்க எதுக்கு நம்பணும்?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பையன்களில் ஒருவன் காது சிவந்து தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் துருக்கித் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார்.

கெலிஓயாப் பிள்ளை போனபோது அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் அது அடங்கும்வரை நின்றாள். பிறகு தொடங்கினாள். குசினியில் பேச்சு நிற்பதைச் சொன்னபோது மண்டபத்திலும் பேச்சு நின்றது. ஒரு பெண் விசிறியை மடியில் வைத்ததைப் பார்த்தேன். என் சொந்த வீட்டை இருநூறு பேர் முன்னால் திறந்து வைத்ததுபோல இருந்தது எனக்கு. அவள் இரண்டாவது மணிக்குச் சற்று முன்னால் முடித்துக் கும்பிட்டாள்.

நாங்கள் வென்றோம். தலைப்பை அல்ல, பேச்சையே பார்த்தோம் என்று வழக்கறிஞர் தீர்ப்புச் சொன்னார். பிற்பகல் இரண்டாம் சுற்றில் வேறு தலைப்பு, வேறு பள்ளி. பிள்ளைகளிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. படுதோல்வி. அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. இனி ஒரு சுற்றும் இல்லை.

வெளியே வரும்போது கெலிஓயாப் பிள்ளையின் தகப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு. இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப நல்லாப் பேசினா டீச்சர். என் மனசுல இருந்ததை அப்படியே எடுத்துச் சொல்லிட்டா."

பாராட்டு என்று நினைத்து நானும் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். மகளுக்கு இதுவரை படிப்பித்ததற்கு நன்றி. பெண்பிள்ளைக்கு இதற்கு மேல் படிப்பு வேண்டாம் என்பதற்கான காரணங்களை மகளே சபையில் சொல்லிவிட்டபடியால் இனி அனுப்புவதாக இல்லை.

அவர்கள் குடும்ப விஷயத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்றார் தலைமை ஆசிரியை. சனிக்கிழமை விடுதியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். பேராதனைப் பாலத்தில் அரை மணி நேரம் நின்றது. கெலிஓயாவில் இறங்கும்போது சேலை ஓரம் முழுக்கச் சேறு.

அவளுடைய தகப்பன் கடைக்குள் ஒரு வாங்கில் என்னை இருத்தினார். அவர் நின்றுகொண்டிருந்தார். பின்பக்க வாசலுக்குத் திரை போட்டிருந்தது, அதற்குள்தான் வீடு.

"ஐயா, அந்தப் பேச்சு உங்கட மகளுடையது இல்லை. பக்கம் சீட்டிலதான் வந்தது. அவவுக்கு ஒரு காரணமும் வரேல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"டீச்சரா சொல்லிக் குடுத்தீங்க?"

"ஓம். அது என்னைப் பற்றித்தான்."

அதைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்ப அது உண்மைதானே, டீச்சர்?"

இல்லை என்று சொன்னால் பொய். ஓம் என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த வாங்கிலேயே முடிந்துவிடும். விவாதத்துக்கு ஆறு வாரம் பிள்ளைகளைப் பழக்கிய நான் சேலை ஓரத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கெட்ட எண்ணத்துல சொல்லல," என்றார் அவர். "ஒரே பொண்ணு. நீங்க சொன்ன மாதிரி ஆயிடக் கூடாதுல்ல?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவ படிக்கட்டும்."

அவருடைய மனைவி. திரையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

"நீ உள்ள போ," என்றார் அவர்.

"போறேன். இதச் சொல்லிட்டுப் போறேன்." அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பேசினார், கணவரைப் பார்க்கவில்லை. "எனக்கு எழுத்துத் தெரியாதும்மா. ஊர்ல இருந்து கடுதாசி வந்தா இவருதான் படிச்சுச் சொல்வாரு. எங்கம்மா செத்துட்டாங்கன்னு வந்த கடுதாசியப் படிச்சிட்டு, எல்லாரும் சௌக்கியம்னு சொன்னாரு. மூணு மாசம் கழிச்சுத்தான் சொன்னாரு. அந்த மூணு மாசமும் அம்மாவுக்குப் பதில் எழுதச் சொல்லி இவருகிட்டச் சொல்லிட்டு இருந்தேன். இவரும் எழுதுற மாதிரி எழுதினாரு."

"நீ அப்ப வயித்துப் புள்ளையோட இருந்த," என்றார் அவர் மெதுவாக. "நல்லதுக்குத்தான் மறைச்சேன்."

"நல்லதுக்குத்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் பொண்ணுக்கு வர்ற கடுதாசிய அவதான் படிக்கணும். அஞ்சாங் கிளாசு போதுமா, இன்னும் வேணுமான்னு எனக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். போதும்னு டீச்சர் சொல்ற வரைக்கும் போகட்டும்."

சொல்லிவிட்டுத் திரையை விட்டார். மண்டபத்தில் ஒட்டியும் வெட்டியும் பேசிய பேச்சுகளில் அந்தக் காரணம் எங்கேயும் இருக்கவில்லை. கடைக்காரர் மேசையில் விரித்திருந்த ஒரு துணியை மடித்தார். சரியாக வராமல் மறுபடியும் விரித்து மடித்தார். எனக்குத் தேநீர் வந்தது. குடித்துவிட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லி எழுந்தேன். பஸ் வரும்வரை அவர் தெருவில் என்னோடு நின்றார். குடையை என் பக்கமாகப் பிடித்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை இரண்டாம் பாடத்தின்போது வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று தலையசைத்தேன். வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியர்வரை இருந்தாள். நல்ல பெறுபேறு. பிறகு புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் தலைமை ஆசிரியை மறுபடியும் கூப்பிட்டார். இம்முறை முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் இல்லை என்றார். அலவத்துகொடப் பிள்ளை இருந்தாள். தபால் கந்தோர்ப் பிள்ளைக்குப் பதிலாகப் புதிதாக ஒருத்தியைப் பிடித்தேன். மூன்றாவது இடத்துக்குக் கெலிஓயாப் பிள்ளையைக் கேட்டேன். அவள் அலுமாரியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் டீச்சர்."

"பயமா?"

"இல்ல டீச்சர். சீட்டுல எந்தப் பக்கம் வந்தாலும் நான் பேசினா ஜெயிச்சுருவேன்," என்றாள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு இருமல் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு அடுத்த தட்டுப் புத்தகங்களை எடுத்தாள். நான் கதிரையை இழுத்து அவள் அடுக்கி முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன். தையல் அறையில் மற்ற இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். உடனே எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.